ஹேக்கலா, வான் பேயரா? கருவைச் சரியாகப் பார்த்தவர் யார்?

நான்கைந்து வார மனிதக் கருவின் கழுத்துப் பக்கம் மீனின் செவுள்போல வரிசையாகச் சில மேடுகள் தெரியும். பின்னால் ஒரு சின்ன வாலும் இருக்கும். எட்டாவது வாரத்துக்குள் அது மறைந்துவிடும்.

ஜெர்மன் உயிரியலாளர் எர்ன்ஸ்ட் ஹேக்கல் 1866இல் தந்த விளக்கம் கவர்ச்சியானது: கரு வளரும்போது தன் மூதாதையரின் வரலாற்றையே சுருக்கமாகத் திரும்ப நடத்திக் காட்டுகிறது. அதாவது, நாம் கொஞ்ச நாள் மீனாக இருக்கிறோம்.

கருவியலாளர் கார்ல் எர்ன்ஸ்ட் வான் பேயர் 1828இலேயே வேறு மாதிரி சொல்லியிருந்தார். கரு இன்னொரு விலங்கின் வளர்ந்த வடிவமாக மாறுவதே இல்லை; பொதுவான அமைப்பு முதலில், தனி அடையாளங்கள் அப்புறம். சாராயத்தில் போட்டுவைத்த இரண்டு கருக்களுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்ட மறந்துவிட்டு, அவை பல்லியா, பறவையா, பாலூட்டியா என்று சொல்ல முடியாமல் அவரே திணறியிருக்கிறார்.

என் ஓட்டு வான் பேயருக்குத்தான். நம் கழுத்து மேடுகளில் செவுள் ஒருநாளும் முளைப்பதில்லை. முதல் மேட்டிலிருந்து தாடையும் காதின் சுத்தி, பட்டடை எலும்புகளும் வருகின்றன. மீனுக்கும் முதல் மேடு தாடைதான்; பின்னால் உள்ளவை செவுள்களைத் தாங்குகின்றன. பொது மூதாதைக்கு இதைவிட அழகான சான்று வேண்டுமா?

ஹேக்கல் வரைந்த கருப் படங்கள் ஒற்றுமையை மிகைப்படுத்தியவை. 1997இல் மைக்கேல் ரிச்சர்ட்சன் குழு உண்மையான கருக்களோடு ஒப்பிட்டு இதைக் காட்டியது. அதை வைத்துப் பரிணாமமே பொய் என்பவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. விழுந்தது ஹேக்கலின் விதி மட்டும்தான். டார்வினை ஏற்காத வான் பேயரின் கவனிப்போ டார்வினுக்கே சான்றாக நின்றது.