கால்சியம்–டி3 கேன்: காசு எதற்குக் கொடுக்கிறோம்?

சேலம் மாவட்டத்தில் ஆத்தூர், வாழப்பாடி, ஓமலூர் பக்கம் கறிக்கோழி வளர்ப்பவர் மருந்துக் கடையில் போய் "கோழி கால் ஊன்ற முடியாமல் உட்காருது" என்றால் உடனே கைக்கு வருவது தண்ணீரில் கலக்கும் கால்சியம்–வைட்டமின் டி3 கேன்தான். கம்பெனித் தீவனத்தில் கைவைக்க முடியாத ஒப்பந்தப் பண்ணைக்காரருக்கு டேங்க்கில் ஊற்றுவதை விட்டால் வேறு வழியில்லை. மருந்து மோசமில்லை. ஆனால் லேபிளில் பெரிய எழுத்தில் இருக்கும் கால்சியத்துக்காக வாங்கினால் காசு வீண்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்றாவது வாரக் கடைசியில் 1000 கோழி ஒரு நாளைக்குச் சுமார் 100 கிலோ தீவனம் தின்னும். அதில் கால்சியம் 0.9 சதவீதம் என்றால் 900 கிராம். கேனில் 100 மி.லி.க்கு 3 கிராம் கால்சியம் என்று வைத்து, 100 கோழிக்கு 20 மி.லி. வீதம் ஊற்றினால் கூடுதலாகக் கிடைப்பது வெறும் 6 கிராம். டி3-யையும் இப்படியே பெருக்குங்கள். தீவனத்தில் கிலோவுக்கு 5000 யூனிட் இருந்தால் கோழிக்கு நாளுக்கு 500 யூனிட் போகிறது. கேனிலிருந்து 30, 40 யூனிட்தான் வருகிறது என்றால் அந்த கேனால் கால் நிமிராது.

உண்மையான சிக்கல் பெரும்பாலும் கொழுப்பில் இருக்கிறது. குஞ்சுக்கு முதல் பத்து நாள் பித்தநீர் போதாது. பாமாயில் அதிகம் சேர்த்த தீவனத்தில் செரிக்காத கொழுப்பு அமிலம் குடலிலேயே கால்சியத்தைப் பிடித்துச் சோப்பாக்கி எச்சத்தில் தள்ளிவிடும். கொழுப்போடு சேர்ந்துதான் டி3 உடலுக்குள் போகும் என்பதால் அதுவும் வீணாகிறது. தப்பிப் போன டி3-யைக் கல்லீரல்தான் அடுத்த வடிவத்துக்கு மாற்ற வேண்டும். மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தில் உள்ள அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு அந்தக் கல்லீரலையே கெடுக்கிறது.

அதனால் வாங்கும் முன் செத்த கோழி இரண்டை அறுத்துப் பாருங்கள். கல்லீரல் மஞ்சள் பாய்ந்து, அழுத்தினால் வெண்ணெய் போல் நசுங்கி, கத்தியில் பிசுக்கு ஒட்டினால் முதல் வேலை அங்கேதான். லெக் பீஸ் எலும்பை இரு கையாலும் மடக்குங்கள். 'டக்'கென ஒடிந்தால் நல்ல எலும்பு. ஒடியாமல் வளைந்தால் ரிக்கெட்ஸ், அதாவது எலும்பு உறுதிப்படாத நோய்; இந்த வகை மருந்து உதவும். தொடையைப் பிரிக்கும்போது எலும்புத் தலையின் மூடி கழன்று இடுப்புக் குழியிலேயே தங்கி, உள்ளே கறுத்து நொறுங்கியிருந்தால் எந்த கேனும் உதவாது. அது எலும்பு நுனி அழுகிப்போன நிலை.

வாங்குவதென்றால் சாதா டி3-யை விட 25-ஹைட்ராக்சி டி3 உள்ளதைத்தான் பரிந்துரைப்போம். அது கல்லீரல் செய்ய வேண்டிய வேலை முடிந்த வடிவம்; கொழுப்பு சரியாகச் செரிக்காத குடலிலும் நன்றாக உறிஞ்சப்படும். தீவனத்தில் சேர்ப்பவர்களுக்கு வழக்கமான அளவு கிலோவுக்கு 69 மைக்ரோகிராம். கூடவே கோலின், பீட்டைன், பயோட்டின் ஆகிய சத்துகள் உள்ள லிவர் டானிக் கொடுங்கள். கோலின் குறைந்தால் கல்லீரலில் கொழுப்பும் படியும், குதிகால் தசைநாண் விலகிக் காலும் கோணும். கீழாநெல்லி, கரிசலாங்கண்ணி மட்டும் உள்ள மூலிகை டானிக் இந்தக் குறையை ஈடுகட்டாது.

சேலத்தின் போர் தண்ணீர் பல இடங்களில் கடின நீர். பாஸ்பேட் கலந்த திரவம் அதில் வெள்ளையாகத் திரிந்து, கோழி தண்ணீர் குடிக்கும் நிப்பிளை அடைக்கும். முதலில் ஒரு வாளியில் கலந்து அரை மணி நேரம் வையுங்கள். அடியில் படிந்தால் டேங்க்கில் ஊற்றாதீர்கள். டாக்சிசைக்ளின், என்ரோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக் ஓடும் நாளில் கால்சியம் வேண்டவே வேண்டாம், கால்சியமும் அதுவும் பிணைந்து ஆன்டிபயாடிக் செத்துவிடும். காலையில் நான்கு மணி நேரத்தில் குடித்து முடிக்கும் அளவுக்கே கலந்து, பிறகு தண்ணீர்க் குழாய் லைனைக் கழுவிவிடுங்கள்.

ஏற்காட்டில் வளர்ப்பவர்களுக்கு ஒன்று. அந்த 1500 மீட்டர் உயரத்தில் கோழி வயிற்றில் நீர் கோத்துச் செத்தால், அதைக் கொழுப்புக் கல்லீரல் என்று எண்ணி டானிக் ஊற்ற வேண்டாம். அது ஆக்சிஜன் குறைவால் இதயம் திணறுவது.

டி3 மருந்து கொடுக்க வேண்டிய காலம் முதல் மூன்று வாரம், எலும்பு வேகமாக வளரும் நாட்கள். இரவில் 4 முதல் 6 மணி நேரம் விளக்கை அணைத்தால் எடை ஏறும் வேகம் சற்று மட்டுப்பட்டு எலும்புக்கு அவகாசம் கிடைக்கும், செலவும் இல்லை. நான்காவது வாரத்துக்கு மேல் உட்கார்ந்த கோழிக்கு கேன் வாங்குவதை விட, அந்தப் பணத்தில் தீவன மாதிரியை நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிப் பரிசோதனைக்கூடத்துக்குக் கொண்டுபோய் அஃப்ளாடாக்சின், கால்சியம், பாஸ்பரஸ் மூன்றையும் பார்த்துவிடுங்கள்.