7 வருடம் போட்ட 14 அவுன்ஸ் கராத்தே யூனிஃபார்ம்

நேற்று டெய்லரிடமிருந்து மேல்சட்டை திரும்பி வந்தது. இரண்டு கையையும் பிரித்து, உள்ளே மடித்திருந்த துணியை வெளியே விட்டு, அடியில் ஒரு பட்டி வைத்துத் தைத்துக் கொடுத்திருக்கிறார். ஒரு கைக்கு 8 வரிசைத் தையல். அவர் பிளேடால் ஒவ்வொரு வரிசையாகக் கீறி நூலை உருவுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். மடிப்புக்குள் இருந்த துணி வாங்கிய நாளின் அதே வெள்ளையில் இருந்தது. வெளியே இருந்ததெல்லாம் வியர்வையிலும் சொட்டு நீலத்திலும் மங்கி லேசாகச் சாம்பல் பூத்திருக்கிறது. இப்போது இரண்டு கையின் நுனியிலும் ஒன்றரை இஞ்ச் அகலத்துக்கு வெள்ளை வளையம், அதில் 8 வரிசை ஊசித் துளை.

டெய்லர் கடையில் இருக்கும்போதே என்னிடம் படிக்கும் 13 வயதுப் பெண்ணின் அம்மா போன் செய்தார். "மாஸ்டர், நீங்க போடுற கனமான டிரெஸ்ஸு இப்ப ஆஃபர்ல விலை குறைஞ்சிருக்கு. பாப்பாவுக்கு அதையே வாங்கிடலாமா?" உடனே பதில் சொல்ல முடியவில்லை. இரவு பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

அவுன்ஸ் என்பது ஒரு சதுர கஜம் துணியின் எடை. 14 அவுன்ஸ் என்றால் சதுர மீட்டருக்குச் சுமார் 475 கிராம், நல்ல கனமான ஜீன்ஸ் துணி மாதிரி. முழுப் பருத்தி கேன்வாஸ். நான் கட்டாவுக்காக, அதாவது எதிராளி இல்லாமல் வரிசையாகச் செய்து காட்டும் அசைவுகளுக்காக, வாங்கினேன்.

என் உயரம் 173 செ.மீ. அட்டவணைப்படி 175 அளவு எடுத்தேன். முன்பே சுருக்கிய துணி, இனி சுருங்காது என்று அட்டையில் அச்சடித்திருந்தது. முதல் வருடத்திலேயே கை 4 செ.மீ. போய்விட்டது. பருத்தி சுருங்கும், அதில் எனக்குக் கோபமில்லை. தறியில் பாவு நூலை விறைப்பாக இழுத்துக் கட்டித்தான் நெய்கிறார்கள். தண்ணீர் பட்டதும் அந்த இழுவை தளர்கிறது, துணி நீளவாட்டில் உள்வாங்குகிறது. இது எந்த நெசவாளரும் சொல்லும் விஷயம். சுருங்காது என்று அச்சடித்ததுதான் இன்றும் உறுத்துகிறது. சுடுதண்ணீர் காட்டியதில்லை, டிரையரில் போட்டதில்லை, பச்சைத் தண்ணீரில் அலசி நிழலில்தான் காயப்போட்டேன். அப்படியும் அடுத்தடுத்த வருடங்களில் இன்னும் 2 செ.மீ. குறைந்தது.

வீட்டில் பயிற்சி செய்பவருக்கு 6 செ.மீ. பெரிதில்லை. போட்டியில் பெரிது. உலகக் கராத்தே கூட்டமைப்பின் விதிப்படி சட்டைக் கை மணிக்கட்டு மடிப்பைத் தாண்டக்கூடாது, முன்கையின் பாதிக்கு மேலேயும் ஏறக்கூடாது. பேன்ட் முழங்காலுக்குக் கீழே மூன்றில் இரண்டு பங்காவது மூட வேண்டும், கணுக்கால் எலும்புக்குக் கீழே இறங்கக்கூடாது. இரண்டையும் மடித்து விட்டுக்கொள்ளவும் கூடாது. ஜப்பானிய வெட்டில் தைத்த சட்டைக்கு முதலிலேயே கை சற்றுக் குட்டை. அதன்மேல் இந்தச் சுருக்கமும் சேர்ந்தால் விதியின் விளிம்பில்தான் நிற்க வேண்டியிருக்கும்.

நான் நின்றேன். போன வருடம் மூத்தோர் பிரிவில், களத்தில் இறங்குவதற்கு முன்னால் நடுவர் கையை நீட்டச் சொன்னார். பார்த்தார், சட்டைக் கை குட்டை என்று தலையை ஆட்டினார். மாற்றிக்கொள்ள ஒரு நிமிடம் கிடைத்தது. நண்பர் குமிட்டேக்கு, அதாவது எதிராளியோடு மோதும் பிரிவுக்கு, வைத்திருந்த மெல்லிய சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டு கான்கு டாய் செய்தேன். அந்தக் கட்டா இரண்டு கையையும் சேர்த்து மெதுவாக நெற்றிக்கு மேலே தூக்குவதில் தொடங்குகிறது. மெல்லிய பாலியெஸ்டர் வழுக்கிக்கொண்டு முழங்கை வரை இறங்கிவிட்டது. முதல் அசைவிலேயே மனம் சட்டைக்குப் போய்விட்டால் அப்புறம் என்ன கட்டா?

நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தக் கனத்த துணி எனக்குச் சொல்லிக்கொடுத்ததை வேறு எந்தத் துணியும் சொல்லிக்கொடுக்கவில்லை. குத்து நிற்கும் இடத்தில் கை நின்றுவிடும், துணி நிற்காது. அது முன்னே போய் அடித்துவிட்டுத் திரும்பும். இடுப்பு சரியாகத் திரும்பி, தோள் கீழே இருந்தால் "பட்" என்று ஒரே சத்தம். தோள் முந்திக்கொண்டால் "தொப்". கண்ணாடியில் தெரியாத தவறு காதில் விழும். போட்டியில் கையால் ஆடையைத் தட்டி ஓசை எழுப்பினால் அது தவறாகவே கணக்காகும், ஆனால் அசைவிலிருந்து தானாக வரும் ஓசைக்குத் தடையில்லை. மாணவர்களைக் கண்ணை மூடி உட்காரச் சொல்லி, யாருடைய குத்து சரி என்று கேட்டால் சரியாகச் சொல்கிறார்கள். அந்தப் பாடத்தை இந்தச் சட்டை இல்லாமல் நடத்த எனக்குத் தெரியாது.

கஞ்சியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வேட்டிக்குப் போடுகிற அதே சோற்றுக் கஞ்சிதான், நன்றாகத் தண்ணீர் விட்டு, வடிகட்டி, கையையும் பேன்ட்டின் கால் பகுதியையும் மட்டும் முக்கி எடுப்பேன். முதல் இருபது நிமிடம் புதுத் துணி மாதிரி பேசும். வியர்வை ஊறியதும் கஞ்சி கரைந்து தொய்ந்துவிடும். கட்டா இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடுவதால் போட்டி நாளுக்கு அது போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும் வேண்டாம், இரண்டு நாளானாலும் காயாது, மக்கிய வாடை அடிக்கும். இஸ்திரிக்காரர் இதற்கு மூன்று சட்டைக் காசு கேட்கிறார். கொடுக்கலாம், அவ்வளவு வேலை இருக்கிறது.

வெயில்தான் இன்னொரு வழக்கு. கராத்தே பிறந்த, ஜப்பானின் தெற்குத் தீவான ஒக்கினாவாவும் நம்மைப் போலப் புழுக்கமான ஊர். அங்கே ஆரம்ப காலத்தில் சாதாரண உடையில், பல சமயம் வெற்று மேலோடு பழகினார்கள். கிச்சின் ஃபுனாகோஷி 1922இல் டோக்கியோ போய், ஜூடோவை உருவாக்கிய கனோ ஜிகோரோவின் பள்ளியில் செய்து காட்டிய காலத்தை ஒட்டித்தான் ஜூடோ உடையைப் பார்த்து இந்த வெள்ளை உடை வந்தது. சித்திரை மாதம் மொட்டை மாடியில் 14 அவுன்ஸைப் போட்டு ஒரு மணி நேரம் நின்றால் அந்தப் பழைய ஒக்கினாவாக்காரர்கள் சரியாகத்தான் யோசித்தார்கள் என்று தோன்றும்.

என்னிடம் இன்னொரு செட்டும் இருக்கிறது. குமிட்டேக்கு வாங்கிய பாலியெஸ்டர், முதுகில் வலைத்துணி. மாலையில் துவைத்தால் காலையில் போடலாம். 3 வருடத்தில் ஒரு செ.மீ. கூட மாறவில்லை. அதைப் பற்றி எழுத எனக்கு வேறு எதுவுமில்லை.

இரவு அந்த அம்மாவிடம் பேசினேன். "இப்ப வேண்டாம்மா. பாப்பா வளர்ற பிள்ளை, துணி சுருங்குற துணி. ரெண்டும் எதிரெதிரா ஓடும்" என்றேன். 10 அவுன்ஸில், அட்டவணைக்கு ஓர் அளவு கூடுதலாக எடுக்கச் சொன்னேன். மூன்று தடவை துவைத்த பிறகுதான் அளந்து மடித்துத் தைக்க வேண்டும், மடிப்பை உள்ளே வெட்டாமல் விடச் சொல்லுங்கள் என்பதை இரண்டு முறை சொன்னேன்.

நானும் இனி இந்தக் கனத்தில் வாங்கப்போவதில்லை. இவ்வளவு புகழ்ந்துவிட்டு ஏன் என்றால், அடுத்த போட்டியிலும் நடுவர் கையை நீட்டச் சொல்லும்போது வயிறு கலங்கும், அது வேண்டாம். வெள்ளை வளையத்தோடு இதைக் கிழியும் வரை வகுப்புக்குப் போடுவேன். போட்டிக்கு 12 அவுன்ஸ், 180 அளவு சொல்லிவிட்டேன். வந்ததும் முதல் வேலை வாளியில் ஊறப்போடுவது.