கெட்டில் என்றால் ரியாக்டர்

தானே புயல் கடலூரைப் புரட்டிப் போட்டதற்கு மறு ஆண்டு, 2012-இல், மஞ்சக்குப்பம் வீட்டு மாடியில் இந்த வேலையைத் தொடங்கினேன். சிப்காட்டில் இருக்கும் சிறு ரசாயன ஆலைகள் புதிதாக ஒரு செய்முறையைக் கண்டால், அதை உலகில் வேறு யாராவது முன்பே வெளியிட்டுவிட்டார்களா என்று தேடிச் சொல்வது என் பிழைப்பு. ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம், காப்புரிமை ஆவணங்களைத் தேடும் தன் எஸ்பாஸ்நெட் தளத்தில் இயந்திர மொழிபெயர்ப்பைக் கொண்டுவந்ததும் அதே ஆண்டுதான். எனக்குச் சீனமும் தெரியாது, ஜப்பானியமும் தெரியாது.

தொடக்கத்தில் கிடைத்தது ஆங்கிலமே அல்ல. சொற்களை முறத்தில் போட்டுக் குலுக்கியது போல இருக்கும். 2016-இல் உலக அறிவுசார் சொத்து அமைப்பு சீன ஆவணங்களுக்கு, முழு வாக்கியத்தையும் பார்த்துப் பெயர்க்கும் நியூரல் முறையைக் கொண்டுவந்த பிறகு வாக்கியங்களுக்குக் கை கால் முளைத்தன. எனக்கென்னவோ அதன் பிறகுதான் பயம் கூடியது. பழைய பிழை கண்ணைக் குத்தும். புதிய பிழை நல்ல சட்டை போட்டுக்கொண்டு வருகிறது.

ஒரு சீன ஆவணத்தில் 'எனாமல் ரியாக்ஷன் கெட்டிலில் ஊற்றி 2 மணி நேரம் இன்சுலேஷன் செய்யவும்' என்று வந்திருந்தது. டீக்கடைச் சாமானில் என்ன ரசாயனம் காய்ச்சுகிறார்கள் என்று விழித்தேன். பக்கத்துத் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற ஷிப்ட் ஆபரேட்டரிடம் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவர் சிரித்தார். "இது கிளாஸ் லைன்ட் ரியாக்டர், தம்பி, உள்ளே கண்ணாடி பூசிய ரசாயனக் கலம். சூட்டை இறங்கவிடாமல் 2 மணி நேரம் பிடித்து வைக்கச் சொல்கிறான்." அவருக்கும் சீனம் தெரியாது. அன்றே ஒரு நோட்டுப் போட்டேன். முதல் வரி, கெட்டில் என்றால் ரியாக்டர்.

அடி வாங்கியது வேறோர் இடத்தில். பிரிடின் வளையம் (நைட்ரஜன் ஒன்று உள்ள ஆறு அணு வளையம்) கொண்ட ஒரு இடைநிலைப் பொருளை மெத்தனாலில் கலக்கிக் கூழாக்கி, வடிகட்டித் தூய்மை செய்யும் முறை. கூழைக் குறிக்கும் 'ஸ்லரி' என்ற ஆங்கிலச் சொல்லை வைத்துத் தேடினேன், ஒன்றும் சிக்கவில்லை. எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்தேன். சில மாதம் கழித்து ஆலை முதலாளி அழைத்தார். "சார், இதை நீங்கள் பார்க்கவில்லையா?" அதே முறை, அதே கரைப்பான், சீன ஆவணம். மொழிபெயர்ப்பில் அந்த வேலை 'பீட்டிங்' என்று இருந்தது. அடித்தலாம்! கூழாக்கலைக் குறிக்கும் சீனச் சொல்லில் 'அடி' என்ற எழுத்து இருக்கிறதாம்.

இயந்திர மொழிபெயர்ப்பு வேண்டாததைக் கழிக்கப் போதும் என்று பலர் சொல்கிறார்கள். நான் ஏமாந்தது கழித்ததில்தான். கையில் வைத்துக்கொண்ட ஆவணத்தை எப்படியும் நாலு முறை படிக்கிறோம். கண்ணிலேயே படாததை யார் திரும்பப் பார்க்கிறார்கள்?

இப்போது சொல்லை நம்பித் தேடலைத் தொடங்குவதில்லை. பிரிடின் என்றால் C07D 213, காப்புரிமை ஆவணங்களைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் வகைப்பாட்டுக் குறியீடு. அதற்கு மொழி கிடையாது. பட்டியல் நீளம்தான், இரவு பவர் கட்டில் பேட்டரி தீரும் வரை உருட்ட வேண்டியிருக்கும். ஆனால் அடித்தாலும் கூழாக்கினாலும் ஆவணம் அங்கே இருக்கும்.

எண்களிலும் கவனம் தேவை. ஜப்பானியத்தில் '50 இஜோ' என்றால் 50-உம் சேர்த்தி. ஆங்கிலத்தில் அது '50-க்கு மேல்' என்று வந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். நம் ஆலை சரியாக 50 சதவீதத்தில் ஓட்டினால் காப்புரிமை வழக்கே அந்த ஒரு சொல்லில் தொங்கும். அப்படிப்பட்ட பத்தியை மட்டும் காசு கொடுத்து மொழி தெரிந்தவரிடம் பெயர்த்து வாங்குகிறேன். பிரெஞ்சு என்றால் கவலையே இல்லை. பஸ் ஏறிப் புதுச்சேரி போனால் படித்துச் சொல்ல ஒரு பெரியவர் இருக்கிறார், ஒரு காபிதான் செலவு.

இன்னொன்று, வாடிக்கையாளரின் வெளிவராத செய்முறையை எந்த இலவச மொழிபெயர்ப்புப் பக்கத்திலும் நான் ஒட்டுவதில்லை. தனிச் சொல் மட்டும் தட்டுவேன். போன வாரம் நோட்டில் ஏறியது, 'கேக்கைக் கழுவு'. அது மட்டும் சரியான மொழிபெயர்ப்பு. வடிகட்டியில் தங்குவதை நம் ஆலையிலும் கேக் என்றுதான் சொல்கிறார்கள்.