என் படங்களைப் பிரித்து மேயக் கொடுத்து ஏழு வருடம்: ஒரு பயன்பாட்டு அனுபவம்

கேமரா வாங்கினால் எழுதுகிறோம், லென்ஸ் வாங்கினால் எழுதுகிறோம், ட்ரைபாட் கால் ஆட ஆரம்பித்தால் அதையும் எழுதுகிறோம். என் படங்களை உண்மையிலேயே மாற்றிய சமாசாரத்தைப் பற்றி இதுவரை ஒரு வரிகூட எழுதவில்லை. அது காசு கொடுத்து வாங்கியதும் இல்லை. ஐந்து பேர், மாதத்துக்கு ஒரு நாள், ஆளுக்கு மூன்று படம். ஒருவர் படத்தை மற்ற நால்வரும் பிரித்து மேய வேண்டும், அவ்வளவுதான் ஏற்பாடு. ஐவருமே வேறு வேலை பார்த்துப் பிழைக்கிறவர்கள். படம் எடுப்பது ஆசைக்கு.

முதல் வருடம் சுத்த வேஸ்ட். 'சூப்பர்', 'செம லைட்டிங்', 'கலக்கிட்டீங்க'. ஒருத்தர் முதுகை ஒருத்தர் சொறிந்துவிட்டுக் கலைந்து போவோம். வீட்டுக்கு வந்து யோசித்தால், பாராட்டியது எதை என்று ஒருவருக்கும் தெரியாது. சும்மா இருந்திருந்தால் இன்னும் நாலு படமாவது எடுத்திருக்கலாம்.

அதைச் சரிசெய்யப் போய் அடுத்த பள்ளத்தில் விழுந்தோம். எல்லோருக்கும் விதிப் பைத்தியம் பிடித்தது. 'மூன்றில் ஒரு பங்கு விதிப்படி இல்லையே', 'ஹொரைசன் அரை டிகிரி சாய்ஞ்சிருக்கு', 'ஆள் பார்க்கிற பக்கம் இடம் விடலை'. படத்தைக் குறுக்கிலும் நெடுக்கிலும் மூன்று மூன்றாகப் பிரித்து, முக்கியமானதை அந்தக் கோடுகளில் வைக்கச் சொல்கிற விதி அது. அதற்கு அந்தப் பெயரை வைத்தவர் ஜான் தாமஸ் ஸ்மித் என்கிற ஆங்கிலேயர். 1797இல், நிலக்காட்சி ஓவியங்களைப் பற்றி எழுதும்போது வைத்தார். இன்றைக்கு மிச்சமிருப்பவற்றில் மிகப் பழைய கேமராப் படம் எடுக்கப்படுவதற்கு அப்போது இன்னும் முப்பது வருடம் பாக்கி இருந்தது. நாங்களோ அது கேமரா பாக்ஸோடு கூட வந்த கையேட்டில் போட்ட சட்டம் மாதிரி சண்டை போட்டோம். எங்களில் ஒருவர் கிராப் என்றாலே, அதாவது எடுத்த படத்தின் ஓரத்தை வெட்டுவது என்றாலே, காதைப் பொத்திக்கொள்வார். 'கார்ட்டியே பிரெஸ்ஸோன் கிராப் பண்ணவே மாட்டாரு தெரியுமா' என்பார். அந்த பிரெஞ்சுப் புகைப்படக்காரர் பொதுவாகப் பண்ணியதில்லை, வாஸ்தவம்தான். ஆனால் 1932இல் பாரிஸில் தேங்கிக் கிடந்த தண்ணீரை ஒருவர் தாண்டிக் குதிக்கிறாரே, உலகமே அறிந்த அந்தப் படம் வேலி இடுக்கு வழியாக எடுத்தது; பலகை மறைத்த பக்கத்தை வெட்டித்தான் பிரிண்ட் போட்டார்கள். இதைச் சொன்ன அன்றைக்கு நண்பர் என்னோடு பேசவில்லை.

திருப்பம் இரண்டாம் வருடக் கடைசியில் வந்தது. நான் கொண்டுபோன படம் இது: மேசை விளக்கு வெளிச்சத்தில் பழைய கைக்கடிகாரத்தைத் திறந்து பழுது பார்க்கும் இரண்டு கைகள். நகக்கண்ணில் எண்ணெய்க் கறை. இடுக்கி முனையில் கடுகளவு திருகாணி. அதன்மேல் ஃபோகஸ் கத்தி மாதிரி உட்கார்ந்திருந்தது. 50 எம்எம் லென்ஸ், எஃப் 2.8, கையில் பிடித்தே எடுத்தது. அதுவரை எடுத்ததிலேயே இதுதான் உசத்தி என்று எனக்குள் ஒரு மிதப்பு.

எங்களில் மூத்தவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். கொஞ்ச நேரம் படத்தையே பார்த்தார்.

"தம்பி, வலது மூலையில அது என்ன?"

"எது அண்ணே?"

மேசை ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் மூடி. வெள்ளை. விளக்கு வெளிச்சம் நேரே விழுந்து பளீரென்று இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிடம் வரைக்கும் நான் அதைப் பார்க்கவே இல்லை. எடுக்கும்போதும் சரி, ஒரு மணி நேரம் உட்கார்ந்து எடிட் பண்ணும்போதும் சரி.

"என் கண்ணு முதல்ல அங்கதான் போச்சு. அப்புறந்தான் கைக்கு வந்துச்சு. வந்தும் நிக்க மாட்டேங்குது, திரும்பத் திரும்ப அங்கயே ஓடுது."

"சும்மா ஒரு மூடிதானே அண்ணே, அதை யாரு பார்க்கப் போறா?"

"நான் பார்த்தேனே."

சொல்லிவிட்டு, கட்டை விரலை ஸ்கிரீன் மூலையில் வைத்து மூடியை மறைத்தார். படம் சட்டென்று அடங்கியது. கை, திருகாணி, கறை, அவ்வளவுதான் மிச்சம். விரலை எடுத்தார், மறுபடி இரைச்சல். இப்படி மூன்று நான்கு தடவை செய்து காட்டினார். எனக்குக் காது சுட்டது.

கண் வெளிச்சமான இடத்துக்கு ஓடும், கறுப்பும் வெளுப்பும் உரசுகிற இடத்துக்கு ஓடும், முகத்துக்கும் எழுத்துக்கும் ஓடும் என்பதெல்லாம் நான் படித்ததுதான். படித்தும் என் படத்தில் தெரியவில்லை. எனக்குப் பார்க்க வேண்டியது இன்னது என்று முன்கூட்டியே தெரியும், கண் நேரே அங்கே போய்விடும். அண்ணனுக்கு அது தெரியாது. அந்தத் தெரியாமைதான் எனக்குத் தேவைப்பட்டது.

அன்றிலிருந்து முறையை மாற்றினோம். படத்தை வைத்தவர் வாயைத் திறக்கக்கூடாது. எங்கே எடுத்தது, எவ்வளவு சிரமப்பட்டது, ஒன்றும் சொல்லக்கூடாது. பார்க்கிறவர் முதலில் கண் எங்கே போனது, அடுத்து எங்கே, எங்கே மாட்டிக்கொண்டது என்று மட்டும் சொல்ல வேண்டும். 'இப்படி எடுத்திருக்கலாம்' என்பதெல்லாம் கடைசியில், அதுவும் எடுத்தவர் கேட்டால்தான். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் இதில் கஷ்டமான வேலை. ஏழு வருடம் ஆகியும் எனக்கு முழுசாகக் கைவரவில்லை.

குறைகளும் உண்டு. முதலாவது, படத்தை போனில் அனுப்பிக் கருத்துக் கேட்பது. மெசேஜ் ஆப் வழியாகப் போகும்போது 24 மெகாபிக்சல் படம் 1600 பிக்சல் அகலத்துக்குச் சுருங்கினால் மிஞ்சுவது சுமார் 1.7 மெகாபிக்சல்தான். அதை உள்ளங்கை அகல ஸ்கிரீனில் பார்த்துவிட்டு 'ஷார்ப்பா இல்லையே' என்றால் நான் யாரை நோவது? இப்போதெல்லாம் ஒரே மானிட்டரில் எல்லோரும் சேர்ந்து பார்க்கிறோம், முடிந்தால் பிரிண்ட்.

மானிட்டர் என்றதும் என் அசட்டுத்தனம் ஒன்று ஞாபகம் வருகிறது. கிட்டத்தட்ட எட்டு மாதம் எல்லோரும் என் படங்களை 'இருட்டா இருக்கு' என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். 'மூட், மூட்' என்று நான் சமாளித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் பத்து படம் பிரிண்ட் போட்டு வாங்கினால் பத்தும் கரி. வீட்டில் அரை வெளிச்ச அறையில், மானிட்டர் பிரகாசத்தை முழுசாக ஏற்றி வைத்து எடிட் பண்ணியிருக்கிறேன்; இருட்டுப் படமும் அதில் வெளிச்சமாகத் தெரிந்திருக்கிறது. பிரிண்டுக்கு என்றால் சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலா என்ற அளவில் வைத்துக்கொள்ளச் சொல்வார்கள்; என்னுடையது அதைப்போல மூன்று மடங்காவது இருந்திருக்கும். படத்தில் இருட்டு எவ்வளவு, வெளிச்சம் எவ்வளவு என்று காட்டுகிற ஹிஸ்டோகிராம் வரைபடம் எட்டு மாதமும் இடது பக்கம், அதாவது இருட்டுப் பக்கம், சுவரோடு ஒட்டிக்கொண்டுதான் கிடந்தது. நான்தான் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. நாலு பேர் ஒரே குறையைச் சொன்னால் ரசனை வேறு என்று ஒதுக்குவதற்கு முன் மானிட்டரைப் பார்த்துவிடுவது நல்லது.

இரண்டாவது குறை பெரியது, மெதுவாகத்தான் தெரிந்தது. நான்காம் வருடம் பழைய படங்களையெல்லாம் வரிசையாகப் போட்டுப் பார்த்தோம். ஐந்து பேர் படமும் ஒரே ஆள் எடுத்த மாதிரி இருந்தது. சுத்தமான பின்னணி, ஓரத்தில் ஒரு ஆள், காலி இடம், லேசாக வெளிறிய நிறம். யாரும் குறை சொல்ல முடியாத படங்கள். யாரும் இரண்டாம் தடவை பார்க்காத படங்களும்கூட. இதில் என் பங்கு அதிகம். எங்களில் வயதில் சின்னவர் ஆரம்பத்தில் கன்னாபின்னாவென்று எடுப்பார். ஃபிளாஷ் அடித்து, முகத்துக்கு ஒரு முழத்தில் நின்று, பாதித் தலை பிரேமுக்கு வெளியே போய்க் கிடக்கும். ஒவ்வொரு மாதமும் 'தலையை வெட்டிட்டீங்களே' என்று நான்தான் முதல் ஆளாகச் சொல்வேன். இரண்டு வருடத்தில் தலையெல்லாம் ஒழுங்காக பிரேமுக்குள் வந்துவிட்டது, படத்தில் இருந்த உயிர் போய்விட்டது. அவரிடம் சொல்லி வருத்தப்பட்டேன். "பரவாயில்ல, பழசெல்லாம் ஹார்ட் டிஸ்க்ல இருக்கு" என்றார். அவர் திரும்ப அப்படி எடுக்க ஆரம்பிக்க ஒரு வருடம் ஆயிற்று.

அதற்குப் பிறகு ஒரு வழக்கத்தைச் சேர்த்தோம். மூன்று படத்தில் ஒன்றுக்கு, அதற்கு முன்னும் பின்னும் எடுத்த பிரேம்களையும் சேர்த்துக் கொண்டுவர வேண்டும். பத்தோ பதினைந்தோ, கழித்துக் கட்டியவை எல்லாம். இந்த ஏழு வருடத்தில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் இதுதான் என்பேன். நான் தேர்ந்தெடுத்ததை மற்றவர்கள் தேர்ந்தெடுப்பது அபூர்வம். எனக்கு அந்தக் காத்திருப்பு ஞாபகம் இருக்கும், முழங்கால் வலித்தது ஞாபகம் இருக்கும், ஷட்டர் விழுந்த நொடியில் 'கிடைச்சிருச்சு' என்று துள்ளியது ஞாபகம் இருக்கும். அதற்கெல்லாம் சேர்த்து அந்தப் படத்துக்கு மார்க் போட்டுவிடுகிறேன். அவர்களுக்குப் படம் மட்டும்தான்.

புதிதாகச் செய்யப் பார்ப்பவர்களுக்கு: நாலைந்து பேர் போதும், பத்துப் பேர் சேர்ந்தால் திருவிழாக் கூட்டம் ஆகிவிடும். எடுக்க ஆரம்பித்து மூன்று மாதமே ஆனவரை இதில் இழுத்துவிடாதீர்கள், பாவம், கேமராவை மூட்டை கட்டிவிடுவார். எந்த லென்ஸ், எந்த பாடி என்று பேச்சுத் திரும்பினால் அன்றைய கூட்டம் அத்தோடு முடிந்தது. அதற்குத் தனியாக ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் 'சூப்பர்' சொல்பவர் ஒருவர் எங்களிலும் இருக்கிறார். அவரை ஒன்றும் செய்ய முடியவில்லை. நல்ல மனுஷன் வேறு.

போன மாதம் ஒரு மழைப் படம் கொண்டுபோனேன், பதினோரு பிரேம். குடைக்குள் முகம் தெரிகிற ஐந்தாவதுதான் என் தேர்வு. மூன்று பேர் ஒன்பதாவதைக் காட்டினார்கள். அதில் முகமே இல்லை. சாய்ந்த குடை, நனைந்த ஒரு தோள், கொஞ்சம் ஷேக் வேறு. அண்ணன் ஒன்பதாவதின் மேல் பகுதியை விரலால் மறைத்துப் பார்த்தார், எடுத்துப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. இரண்டையும் பிரிண்ட் போட்டு மேசைக்கு எதிரே ஒட்டி வைத்திருக்கிறேன். நேற்று வரைக்கும் ஐந்துதான். இன்று காலையில் பல் தேய்த்துக்கொண்டே பார்த்தபோது கண் ஒன்பதுக்குப் போனது.