லகார்டியாவா, டேலியா: எந்த மேயரை முதலில் படிப்பது?

அமெரிக்க நகர அரசியலைப் படிக்கத் தொடங்குவோர் இந்த இருவரிடையே தடுமாறுகிறார்கள்.

பதவிக்காலம்: நியூயார்க்கின் ஃபியொரெல்லோ லகார்டியா, 1934 முதல் 1945 வரை. சிகாகோவின் ரிச்சர்ட் ஜே. டேலி, 1955 முதல் 1976இல் இறக்கும்வரை.

பலம்: நியூயார்க் ஜனநாயகக் கட்சியைக் கையில் வைத்திருந்த டாமனி ஹால் என்ற அரசியல் அமைப்பின் கோட்டையை எதிர்த்து வென்றவர் லகார்டியா. டேலியோ அத்தகைய கோட்டைக்கே அதிபதி. மேயரும் அவரே, சிகாகோ அடங்கிய குக் மாவட்டத்தின் ஜனநாயகக் கட்சித் தலைவரும் அவரே.

மக்களோடு: நியூயார்க் துறைமுகத்தின் குடியேற்ற நிலையமான எல்லிஸ் தீவில் குடியேறிகளுக்கு மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தவர் லகார்டியா. 1945இல் நாளிதழ் விநியோகம் வேலைநிறுத்தத்தால் நின்றபோது, குழந்தைகளுக்காகச் சித்திரக்கதைகளை வானொலியில் உணர்ச்சியோடு வாசித்தார். மேயர் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்!

கறை: 1968இல் சிகாகோவில் கூடிய ஜனநாயகக் கட்சித் தேசிய மாநாட்டின்போது போராட்டக்காரர்கள்மீது நடந்த போலீஸ் தடியடி டேலியின் பெயரை விட்டு அகலவில்லை.

சீர்திருத்தம் பற்றி அறிய லகார்டியா. அதிகாரம் வார்டு வார்டாகத் திரளும் விதத்தை அறிய டேலி.