டூடி எண்ணும் பவுலின் கடிதமும்

பகல் பன்னிரண்டு ஆனால் ரங்கூன் டீக்கடைகளில் பல கண்கள் போன் மேல்தான். தாய்லாந்துப் பங்குச் சந்தையை வைத்து எடுக்கும் இரட்டை இலக்கச் சூதாட்ட எண், அதாவது டூடி, அப்போது வரும். சாயங்காலம் நாலரைக்கு இன்னொன்று. எண் விழுந்தவனும் மறுநாள் பணம் கட்டுகிறான், விழாதவனும் கட்டுகிறான். சந்தோஷத்தைத் துரத்துவதைக் காட்ட எனக்கு இதுவே போதும்.

வெளிநாடு போவதையும் இதோடு சேர்க்கிறவர்கள் உண்டு. நான் சேர்க்க மாட்டேன். இன்றைய நிலைமையில் பிள்ளையை மலேசியாவுக்கு அனுப்பும் அப்பாவைப் பேராசைக்காரர் என்று சொல்ல வாய் வராது. பிழைப்பு வேறு, துரத்தல் வேறு. ஆனால் அங்கே போய்ச் சேர்ந்த பிறகும் "இன்னும் கொஞ்சம்" என்பது நிற்கவில்லை என்றால், அது டூடி கணக்குதான். 1987 செப்டம்பரில் பர்மா அரசு 25, 35, 75 க்யாட் நோட்டுகளை ஒரே நாளில் செல்லாது என்றது, மாற்றுப் பணமும் இல்லை. பணத்தில் மனதை வைக்காதே என்று அதைப் பார்த்தவர்களுக்குப் பிரசங்கம் தேவையில்லை.

எதிர்ப்பக்கம் வேதாகமத்தின் அப்போஸ்தலர் பவுல். காவலில் இருந்துகொண்டு பிலிப்பி ஊர் சபையாருக்கு, அதாவது பிலிப்பியருக்கு, எழுதுகிறார்: "எந்த நிலைமையிலிருந்தாலும் மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன்." கற்றுக்கொண்டேன் என்கிறார். அப்படியானால் அது பிறவிக் குணம் இல்லை, நமக்கும் வழி இருக்கிறது. கிறிஸ்து பெலன் தருகிறார் என்பது அதற்கு இரண்டு வசனம் தள்ளி வருகிறது. அதைப் பரீட்சையில் ஜெயிக்க, வியாபாரம் பெருக என்று காலண்டரில் போட்டுவிட்டோம். பவுல் பேசுவதோ பட்டினியையும் தாங்குவதைப் பற்றி.

சரி, பக்கத்து வீட்டுப் பௌத்தரும் இதைத்தானே சொல்கிறார்? ஆமாம், அவர்கள் ஓதும் முப்பத்தெட்டு மங்களங்களில் போதுமென்ற மனமும் ஒன்று. அதை மதிக்கிறேன். வித்தியாசம், எனக்குப் புரிந்தவரை, அங்கே ஆசையை அடக்கி அமைதி வருகிறது. இங்கே கொடுத்தவரை நம்பி, அவருக்கு நன்றி சொல்லி வருகிறது. தனியாகப் பயிற்சி செய்ய எனக்குத் திராணி இல்லை, அதனால் இரண்டாவதுதான் எனக்குத் தோதாக இருக்கிறது.

மூன்றாவது ஒன்றும் உண்டு: காணிக்கை போடு, கர்த்தர் நூறு மடங்கு தருவார் என்கிற கூட்டங்கள். டூடியைவிட இதுதான் மோசம். டூடியில் தோற்றால் காசு மட்டும் போகும், இங்கே விசுவாசமும் சேர்ந்து போகும்.

போதுமென்ற மனம் என்றால் சிரித்த முகம் என்றும் நினைக்க வேண்டாம். 1813இல் ரங்கூன் வந்த அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சன், அப்போதைய பர்மியத் தலைநகரான ஆவாவில் சிறையில் கிடந்தார். 1826இல் மனைவி ஆன் இறந்தார், சில மாதத்தில் இரண்டு வயதுக் குழந்தையும் போயிற்று. மனிதர் காட்டுக்குள் தனக்கே ஒரு குழி வெட்டி, அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அந்த நிலையில் அவரிடம் போய் "சந்தோஷமாயிருங்கள் ஐயா" என்றிருந்தால் எப்படி இருந்திருக்கும்? மெல்ல எழுந்தார், 1834இல் பர்மிய வேதாகம மொழிபெயர்ப்பை முடித்தார்.

ஒரே ஒரு ஆட்சேபம் எனக்கும் உண்டு. சம்பளம் கேட்கிறவனைப் பார்த்து, கொடுக்க வேண்டியவர் "போதுமென்று இரு தம்பி" என்கிறார். பவுல் சொன்னது தன் பட்டினியைப் பற்றி, அடுத்தவன் பட்டினியைப் பற்றி இல்லை. அதே கடிதத்தில், பிலிப்பியர் அனுப்பிய உதவியைப் பெற்றுக்கொண்டு நன்றியும் எழுதியிருக்கிறார்.