கார்டு கடனை அடைக்க நகையை அடகு வைப்பதா, விற்பதா?

கிரெடிட் கார்டில் 1 லட்சம் பாக்கி, வட்டி மாதம் 3.5% என்றால் வட்டி மட்டுமே 3,500 ரூபாய், அதன் மேல் ஜிஎஸ்டி வேறு. குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி வந்தால் அசல் அசையவே அசையாது.

அதே 1 லட்சத்தை வங்கியில் ஆண்டுக்கு 10% வட்டிக்கு நகைக்கடனாக வாங்கி கார்டு பாக்கியை அடைத்தால், முதல் மாத வட்டி சுமார் 833 ரூபாய்தான். மாதம் 5,000 கட்டினால் 22 மாதத்தில் நகை வீட்டுக்கு வந்துவிடும். ஆனால் அந்த 5,000 உண்மையிலேயே மிஞ்ச வேண்டும். வருடா வருடம் வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைத்து, கடைசியில் ஏலத்தில் நகையைப் பறிகொடுத்த குடும்பங்கள் எத்தனையோ.

விற்றால் செய்கூலி, சேதாரம் போனது போனதுதான். கல் வைத்த நகையென்றால் இன்னும் நஷ்டம். அம்மா போட்ட வளையல் என்றால் மனசும் வலிக்கும். ஆனால் வட்டி அன்றோடு நின்றுவிடும்.

மாதக் கடைசியில் கையில் எதுவும் நிற்காத வீடு என்றால் விற்றுவிடுங்கள் என்றே சொல்வேன். எதைச் செய்தாலும் பாக்கியை அடைத்த கையோடு அந்தக் கார்டை ரத்து செய்யுங்கள். இல்லாவிட்டால் ஆறே மாதத்தில் நகையும் கையில் இருக்காது, கார்டு கடனும் திரும்ப வந்திருக்கும்.